செவ்வாயின் பெயரை மறைத்த செவ்வாய்ப் படம்

வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘ஜான் கார்ட்டர்’ என்ற படத்தை 2012 மார்ச் 9 அன்று வெளியிட்டது. பத்தே நாளில், மார்ச் 19 அன்று, அந்தப் படத்தால் தனக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் இழப்பு நேரும் என்று முதலீட்டாளர்களுக்கு அறிவித்தது. ஒரு படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்தவர்களே தோல்வி என்று ஊரறியச் சொல்வது அரிது. (மூலக்கதையை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் 1950இல் காலமானதும் ஒரு மார்ச் 19 அன்றுதான், வெறும் தற்செயல்.) அன்று தொட்டு இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு பணத்தைச் சுற்றியே நடந்துவருகிறது. விளம்பரம் சரியில்லை என்றும், தலைப்பு எடுபடவில்லை என்றும், செலவு கைமீறிப் போனது என்றும் சொல்கிறார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் வணிகக் கணக்கை விட்டுவிட்டு மூலக்கதையையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. நூறாண்டுக்கு முன் மலிவுத் தாளில் அச்சான ஒரு சாகசக் கதையை மிகுந்த அன்போடு எடுத்தவர்களுக்கு, அது மலிவுத் தாளில் அச்சான சாகசக் கதை என்பதில் உள்ளூர ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. அந்தக் கூச்சம் தலைப்பில் மட்டும் நிற்காமல் கதை சொல்லும் முறைக்குள்ளும் இறங்கிவிட்டது.

கூச்சம் என்பது இந்தக் கதைக்குப் புதிதன்று. அது எழுதப்பட்டபோதே உடனிருந்தது. 1911இல் சிகாகோவில் பென்சில் சீவும் கருவிகளை விற்கும் தொழிலில் இருந்த பரோஸுக்கு வயது முப்பத்தைந்து. அரிசோனாவில் ஏழாவது குதிரைப்படையில் சிலகாலம் சிப்பாய், அண்ணன்மாரோடு ஐடஹோவில் தங்கம் அரிக்கும் வேலை, சால்ட் லேக் நகரில் ரயில்வே காவலர், சியர்ஸ் நிறுவனத்தில் அலுவலர் என்று பல துறைகளில் கால்வைத்து எதிலும் நிலைக்காதவர் அவர். தம் நிறுவனத்தின் விளம்பரங்கள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகப் மலிவுத் தாளில் கதைகள் அச்சிடும் ‘பல்ப்’ இதழ்களைப் புரட்டியவர், இவ்வளவு மோசமாக எழுதுபவர்களுக்குக் காசு கிடைக்கிறதென்றால் நாமும் எழுதலாமே என்று துணிந்ததாகப் பிற்காலத்தில் கூறினார். நொடித்துப்போன பழைய தொழில்களின் கடிதத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய அந்தக் கதையை ‘ஆல்-ஸ்டோரி’ இதழ் 400 டாலருக்கு வாங்கி, 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை தொடராக வெளியிட்டது. குடும்பஸ்தர் ஒருவர் செவ்வாய்க் கிரகத்து இளவரசியைப் பற்றி எழுதுவதை நான்கு பேர் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, தாம் சித்தம் தெளிந்தவர்தான் என்று உணர்த்தும் ‘நார்மல் பீன்’ என்ற புனைபெயரை அவர் கொடுத்திருந்தார். அதை அச்சுப்பிழை என்று கருதி யாரோ ‘நார்மன் பீன்’ என்று திருத்திவிட்டார்கள். 1917இல் நூலாக வந்தபோதுதான் சொந்தப் பெயரும், ‘செவ்வாயின் இளவரசி’ என்ற தலைப்பும் அட்டையில் ஏறின. அதற்குள் ‘டார்ஜான்’ வெளிவந்து அவர் பெயர் பெற்றுவிட்டிருந்தார்.

ஆனால் பரோஸின் கூச்சம் பெயரோடு முடிந்துபோனது. கதைக்குள் அதன் சாயல்கூட இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களின் படையில் தலைவனாக இருந்த வர்ஜீனியாக்காரன் ஜான் கார்ட்டர், போர் முடிந்ததும் அரிசோனாவுக்குத் தங்கம் தேடிப் போகிறான். அபாச்சி பழங்குடியினரிடமிருந்து தப்பி ஒரு குகைக்குள் நுழைகிறான். அங்கே உடல் மரத்து விழுகிறான். பிறகு தன் உடலை விட்டுத் தான் தனியே எழுந்து நிற்பதைக் காண்கிறான். வானில் செவ்வாய் சிவந்து தெரிகிறது. போர்வீரனாகிய அவனுக்குப் போர்க்கடவுளின் பெயர் கொண்ட அந்தக் கிரகத்தின் மேல் அடக்கமுடியாத ஏக்கம் பிறக்கிறது. கைகளை நீட்டுகிறான், கண்ணை மூடுகிறான், ஒரு கணம் கடுங்குளிரும் இருளும், கண்ணைத் திறந்தால் செவ்வாயில் இருக்கிறான். விண்கலம் இல்லை, பீரங்கி இல்லை, விஞ்ஞானி யாரும் இல்லை. எப்படி நடந்தது என்று அவனுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது, ஆசிரியரும் பதினொரு நூல்களில் எங்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நூறாண்டாக யாரும் அதைக் குறையாக நினைத்து நூலைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை.

விளக்கம் தேவைப்படாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது அந்தக் காலத்தின் வானியல். பெர்சிவல் லோவெல் என்ற செல்வந்தர் 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் சொந்தச் செலவில் வானாய்வகம் அமைத்து, செவ்வாயின் முகத்தில் நேர்கோடுகளாகத் தெரிந்தவை வறண்டுவரும் கிரகத்தின் மக்கள் துருவப் பனிநீரை வயல்களுக்குக் கொண்டுசெல்ல வெட்டிய கால்வாய்கள் என்று நூல்மேல் நூலாக எழுதினார். வானியலாளர் பலர் அதை ஏற்கவில்லை என்றாலும் செய்தித்தாள் படித்தவர்களின் மனத்தில் அது ஆழப் பதிந்துவிட்டது. கடல் வற்றிய நிலம், பாசி படர்ந்த கடற்படுகைகள், கால்வாய்க் கரைகளில் ஒதுங்கிய நகரங்கள், குறைந்துவரும் காற்றைச் செயற்கையாக உற்பத்தி செய்யும் ஆலை என்று பரோஸ் படைத்த ‘பார்சூம்’ உலகம் லோவெலின் செவ்வாய் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தது. வாசகர் பாதி நம்பிக்கையோடுதான் உள்ளே வந்தார். 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாய்களுக்குப் பதிலாகக் குழிகள் தெரிந்தபோது அந்த நம்பிக்கை அற்றுப்போனது. அதன் பிறகு இந்தக் கதையைப் படமாக்க நினைத்த எவரும், செவ்வாயில் காற்றும் மக்களும் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியைச் சுமந்தே ஆகவேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் தொடர்கதையின் இலக்கணம். கார்ட்டர் செவ்வாயில் செய்யும் முதல் காரியம் நடக்கத் தெரியாமல் துள்ளி விழுவது. அங்கே நம் எடை ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், பூமியின் தசைபலத்தோடு எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் தாவலாகிவிடுகிறது. (கணக்கைக் கறாராகப் பார்த்தால் பூமியில் தாண்டும் உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் தாண்ட முடியும்; கதையில் அவன் தாண்டுவது அதைவிடப் பலமடங்கு.) அடுத்து, கண்ணாடிக் கூரை போட்ட ஒரு தாழ்வான அடைப்பைக் காண்கிறான்; உள்ளே முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கின்றன. அவை யாருடைய முட்டைகள் என்று வியந்துகொண்டிருக்கும்போதே, நான்கு கையும் பதினைந்தடி உயரமும் கொண்ட பச்சை நிறத்தார் ஈட்டியோடு முதுகுப்பக்கம் வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய மொழி, வழக்கம், கொடூரம், அந்தக் கொடூரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் ஆகிய எல்லாவற்றையும் கைதியாக இருந்தபடியே அவன் ஒவ்வொன்றாகக் கற்கிறான். செவ்வாயில் மனித உருவம் கொண்ட இன்னோர் இனம் இருப்பதே, ஹீலியம் நகரத்து இளவரசி டெஜா தோரிஸ் சிறைப்பட்டு வரும்போதுதான் அவனுக்கும் நமக்கும் தெரியவருகிறது. நாயகனின் அறியாமையே கதையை இழுத்துச் செல்லும் குதிரை; அடுத்த இதழை வாசகர் வாங்குவது அந்த அறியாமையைக் கொஞ்சம் தீர்த்துக்கொள்ளத்தான்.

இந்தக் கதைக்குத் திரைப்பட ஆசை வெகுகாலமாகவே இருந்தது. 1930களின் நடுவில் இளம் கேலிச்சித்திரக் கலைஞர் பாப் கிளாம்பெட், பரோஸின் மகன் ஜான் கோல்மன் பரோஸோடு சேர்ந்து சில நிமிடங்கள் ஓடும் அனிமேஷன் மாதிரி ஒன்றை உருவாக்கினார். பரோஸே அதை ஊக்குவித்தார். அசல் நடிகர்களால் நான்கு கைகளையும் பத்துக் கால் மிருகங்களையும் காட்டமுடியாது என்பதை அன்றே உணர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் எம்.ஜி.எம். நிறுவனம் பின்வாங்கியது, செவ்வாயில் நடக்கும் கதை சிற்றூர்த் திரையரங்குகளில் எடுபடாது என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஜான் மெக்டியர்னன் இயக்க, டாம் குரூஸ் நடிக்க ஒரு முயற்சி நடந்து, அன்றைய காட்சிநுட்பம் போதாது என்று கைவிடப்பட்டது. இந்த நூற்றாண்டில் பாரமவுண்ட் நிறுவனத்தில் ராபர்ட் ராட்ரிகஸ், கெரி கான்ரன், ஜான் ஃபாவ்ரோ என்று இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2006இல் பாரமவுண்ட் உரிமையை விட்டுவிட, ஃபாவ்ரோ ‘அயன் மேன்’ எடுக்கப் போனார். உரிமை டிஸ்னியிடம் வந்தது.

அதற்குள் இந்தக் கதையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உலகை ஆண்டுகொண்டிருந்தார்கள். 1934இல் வந்த ‘ஃபிளாஷ் கார்டன்’ படக்கதை பார்சூமின் நேர்வாரிசு. 1938இல் வந்த சூப்பர்மேன் தொடக்கத்தில் பறக்கவில்லை, கார்ட்டரைப் போலத் தாவினான். ‘ஃபிளாஷ் கார்டன்’ உரிமை கிடைக்காத ஜார்ஜ் லூகாஸ் தாமே ஒன்றை எழுதி 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தார். ‘அவதார்’ படத்துக்குப் பரோஸின் இந்த நூல்களும் தூண்டுதல் என்று ஜேம்ஸ் கேமரன் வெளிப்படையாகவே சொன்னார். வானியலாளர் கார்ல் சேகன், சிறுவயதில் வெட்டவெளியில் நின்று செவ்வாயை நோக்கிக் கைநீட்டிப் பார்த்ததைப் பதிவுசெய்திருக்கிறார். ஆகவே 2012இல் அசலே வந்தபோது அது நகலாகத் தெரிந்தது என்பது பலர் கூறும் விளக்கம். அரங்கத்தில் வெள்ளைக் குரங்குகளோடு கார்ட்டர் மோதும் காட்சி, 2002இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்து அரங்கக் காட்சியை நினைவூட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இந்த விளக்கம் பாதி உண்மைதான். டோல்கீனைப் பார்த்து எழுதியவர்கள் அரை நூற்றாண்டாகக் குவிந்துகிடந்த பிறகே ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள் வந்தன. யாரும் அவற்றை நகல் என்று சொல்லவில்லை. முன்னோடி என்ற தகுதியைத் தயக்கமின்றி அணிந்து வந்தால் பார்வையாளர் அதை மதிக்கவே செய்கிறார்கள்.

படத்தின் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் தயக்கமில்லாத ரசிகராகத்தான் தொடங்கினார். எழுபதுகளில் மார்வெல் வெளியிட்ட கார்ட்டர் படக்கதைகள் வழியாக இந்த உலகத்துக்குள் வந்தவர் அவர். ‘ஃபைண்டிங் நீமோ’, ‘வால்-ஈ’ ஆகிய பிக்ஸார் அனிமேஷன் படங்களுக்கு ஆஸ்கர் பெற்றவர். அசல் நடிகர்களை வைத்து அவர் எடுத்த முதல் படம் இது. மார்க் ஆண்ட்ரூஸும், புலிட்சர் பரிசு பெற்ற நாவலாசிரியர் மைக்கேல் ஷேபனும் திரைக்கதையில் உடனிருந்தார்கள். மூவரும் மூலத்தை நன்கறிந்தவர்கள். ஒருவேளை அதிகமாகவே அறிந்திருந்ததுதான் சிக்கலோ என்றும் தோன்றுகிறது.

படம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதலில் ஒரு குரல் பார்சூமின் அரசியலைச் சொல்கிறது. ஜோடாங்கா என்ற நகர்ந்துசெல்லும் நகரம், அதன் தலைவன் சாப் தான், வானக் கப்பல்களின் போர், உருமாறித் திரிந்து அவனுக்கு நீலநிறப் பேராயுதம் ஒன்றைத் தரும் தெர்ன்கள் என்று எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன. அடுத்து நியூயார்க், 1881. கார்ட்டரின் தந்தி கண்டு இளம் எட்கர் ரைஸ் பரோஸ் வருகிறான். அதற்கடுத்து அரிசோனா, 1868. அங்கேதான் கதை உண்மையில் தொடங்குகிறது. அதாவது, கார்ட்டர் குகைக்குள் நுழையும்போது செவ்வாயில் என்ன இருக்கிறது என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கண்ணைத் திறந்தால் செவ்வாய் என்ற அந்த ஒரு கணத்தில் மூலம் தரும் திடுக்கிடல் படத்தில் பிறக்கவே வழியில்லை. அவன் அங்கே செல்வதற்கும் காரணம் தரப்படுகிறது: தெர்ன் ஒருவனின் பதக்கம், அதை இயக்கும் சொல், ‘ஒன்பதாம் கதிர்’ என்ற ஆற்றல். பரோஸ் ஒரே பத்தியில் தாண்டிப்போன இடத்தில் படம் ஒரு பொறியமைப்பையே நிறுவுகிறது. நிறுவியபின் அதைப் பராமரிக்கவும் வேண்டியிருக்கிறது. நடுப்பகுதியில் கதாபாத்திரங்கள் கோயில் சுவர்களில் தேடுவதும் விளக்குவதுமாகக் கழியும் நேரம் அந்தப் பராமரிப்புச் செலவுதான்.

நாயகனுக்கும் இதேபோலக் காரணம் வழங்கப்பட்டது. மூலத்தின் கார்ட்டர் உள்மனக் காயம் ஏதுமில்லாதவன்; சண்டை பிடிக்கும், அழகியைப் பிடிக்கும், கொடுத்த வாக்கைக் காப்பான், அவ்வளவுதான். ஸ்டாண்டனின் கார்ட்டர் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தவன், எந்தப் பக்கத்துக்காகவும் இனிச் சண்டையிடமாட்டேன் என்று விலகிநிற்பவன். தென் மாநிலப் படையில் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனிதனை 2012இல் அப்படியே நிறுத்தமுடியாது என்பது நியாயம்தான். ஆனால் விலகிநிற்பவனை நாயகனாக்கினால் சாகசம் பாதி தூரம் வரை தொடங்கவே தொடங்காது. கார்ட்டராக வந்த டெய்லர் கிட்ச் சோர்ந்த முகத்தோடு நடித்தார் என்று குறை சொல்லப்பட்டது. அவருக்கு எழுதப்பட்டதே அந்தச் சோர்வுதான்.

இருந்தும் இந்தப் படத்தை வெறும் வீழ்ச்சியென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வார்ஹூன் என்ற பச்சைநிறத்தார் கூட்டத்தைத் தனியாளாகத் தடுத்துநின்று கார்ட்டர் வெட்டிச் சாய்க்கும் காட்சியின் ஊடே, பூமியில் அவன் தன் மனைவியைப் புதைக்கக் குழி தோண்டும் காட்சியை வெட்டி வெட்டிக் காட்டியிருக்கிறார் ஸ்டாண்டன். சேர்த்த சோகம் சண்டையின் வேகத்தோடு முழுதாகக் கலந்த ஒரே இடம் அது. அந்த வருடத்தின் பெரும்படங்களில் அதற்கு ஈடாக ஒரு சண்டைக்காட்சியை நான் பார்க்கவில்லை. டெஜா தோரிஸை மீட்கப்பட வேண்டிய பெண் என்ற நிலையிலிருந்து எடுத்து, வாள் பிடிக்கவும் தெரிந்த அறிவியலாளராக்கியது மூலத்தை மேம்படுத்திய மாற்றம். லின் காலின்ஸ் அதை நன்றாகத் தாங்கினார். பச்சைநிறத்தாரின் உயரத்தைப் பதினைந்தடியிலிருந்து ஏறத்தாழ ஒன்பதடியாகக் குறைத்ததும் விவரமான முடிவே. அப்போதுதான் அவர்களின் முகமும் மனித முகமும் ஒரே சட்டகத்தில் பேசிக்கொள்ளமுடியும். யூட்டா பாலைவனத்தில் பொய்க்கால் கட்டி நடந்து வில்லம் டஃபோ நடித்த பச்சைநிறத் தலைவன் டார்ஸ் டார்க்கஸ், கணினியில் வரையப்பட்டவன் என்பதைச் சில நிமிடங்களில் மறக்கவைக்கிறான். வூலா என்ற பத்துக்கால் காவல் மிருகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது வரும்போதெல்லாம் படம் தன் கூச்சத்தை மறந்துவிடுகிறது.

செலவு ஏறியதற்கும் இதே பழக்கங்களில் ஒரு வேர் உண்டு. பிக்ஸாரில் ஒரு படத்தை ஓவியங்களாகக் கோத்துப் பார்த்து, பிடிக்காததைக் கலைத்து, மறுபடி கோத்து, பலமுறை திருத்திய பிறகே முழுமையாக உருவாக்குவார்கள். அசல் நடிகர்களோடும் பாலைவனப் படப்பிடிப்போடும் அப்படித் திருத்துவது வேறு கணக்கு. 2010இல் லண்டனிலும் யூட்டாவிலும் எடுத்து முடித்த பின்னும் கணிசமான காட்சிகள் மீண்டும் எடுக்கப்பட்டன. பிரிட்டனின் வரிச்சலுகையைப் பெற்றதால் தயாரிப்புக் கணக்கை அங்கே பொதுவில் தாக்கல் செய்யவேண்டியிருந்தது. மொத்தச் செலவு 30 கோடி டாலரைத் தாண்டியிருந்ததும், சலுகை போக நிகரச் செலவே 26 கோடியைத் தாண்டியதும் பிற்பாடு அப்படித்தான் வெளிவந்தன. உலகெங்கும் படம் வசூலித்தது ஏறத்தாழ 28.4 கோடி, அமெரிக்காவில் 7.3 கோடி மட்டுமே. நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஏறத்தாழப் பாதி திரையரங்குகளுக்கே போய்விடும் என்பதையும், விளம்பரச் செலவு தனி என்பதையும் சேர்த்தால் மார்ச் 19 அறிவிப்பு விளங்கும்.

விளம்பரக் கதைக்கு வருவோம். படத்துக்கு ஒப்புதல் தந்த ஸ்டூடியோத் தலைவர் டிக் குக் 2009இல் பதவி விலகினார். பின்வந்த ரிச் ராஸ், படம் வெளிவந்த அடுத்த மாதமே விலகினார். முன்னவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருளைப் பின்னவர் விற்கவேண்டிய நிலையில் உற்சாகம் எங்கிருந்து வரும்? 2011 மார்ச்சில் பெயரில் செவ்வாயைத் தாங்கிய டிஸ்னியின் அனிமேஷன் படம் ஒன்று படுதோல்வி அடைந்திருந்தது. அதே ஆண்டில் ‘செவ்வாயின் ஜான் கார்ட்டர்’ என்றிருந்த தலைப்பு ‘ஜான் கார்ட்டர்’ என்று சுருங்கியது. ‘செவ்வாயின் இளவரசி’ என்றால் பையன்கள் வரமாட்டார்கள், ‘செவ்வாயின் ஜான் கார்ட்டர்’ என்றால் பெண்கள் வரமாட்டார்கள் என்று தாமே கணக்குப் போட்டதாக ஸ்டாண்டன் விளக்கினார். இளவரசியும் போய், செவ்வாயும் போய், எஞ்சியது யாரோ ஒரு மனிதரின் பெயர். அது கதையின் நூறாவது ஆண்டு; அந்தச் செய்தியைக்கூட விளம்பரங்கள் உரத்துச் சொல்லவில்லை. விந்தை என்னவென்றால், படம் முடியும்போது திரையில் ‘செவ்வாயின் ஜான் கார்ட்டர்’ என்றே எழுத்து வருகிறது. அந்தப் பெயரை நாயகன் கதைக்குள் ஈட்டிக்கொள்கிறான் என்பது இயக்குநரின் கருத்து. அழகான எண்ணம்தான், ஆனால் அது நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே.

மூன்று படங்களாகத் திட்டமிட்டிருந்த தொடர் அத்தோடு நின்றது. 2014இல் உரிமை பரோஸின் குடும்ப நிறுவனத்துக்கே திரும்பியது. தொடக்க நூல்கள் அமெரிக்காவில் எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டதால், டிஸ்னிக்கு முன்பே 2009இல் ‘தி அசைலம்’ என்ற சிறு நிறுவனம் இளவரசியின் பெயரிலேயே மலிவாக ஒரு படம் எடுத்து விற்றது. தலைப்பில் செவ்வாயை வைக்க அவர்கள் தயங்கவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

இரண்டாம் படம் வந்திருந்தால் அதற்கு அடிப்படையாக ‘செவ்வாயின் தெய்வங்கள்’ நூலே இருந்திருக்கும். 1913இல் தொடராக வந்த அதைத்தான் வரிசையிலேயே துணிச்சலான நூல் என்று நான் சொல்வேன். வாழ்நாள் முடிந்தது என்று கருதும் செவ்வாய்வாசிகள் இஸ் நதியில் ஓடமேறிச் சொர்க்கத்துக்குப் போகிறார்கள், யாரும் திரும்புவதில்லை. பூமியிலிருந்து மீண்டும் போகும் கார்ட்டர் நேரே அந்தச் சொர்க்கத்தில் விழுகிறான். அங்கே வந்துசேர்ந்த யாத்திரிகர்களைக் கொடிய பிராணிகள் கொன்று தின்கின்றன. எஞ்சியவர்கள் தெர்ன்கள் என்ற பூசாரிகளுக்கு அடிமையும் இரையும் ஆகிறார்கள். அந்தத் தெர்ன்களோ இன்னொரு தெய்வத்தை நம்பி ஏமாந்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தெய்வமும் ஒரு மூதாட்டிதான். ஏமாற்றுபவனை ஏமாற்றுபவன் என்று அடுக்கடுக்காகத் திறந்துகொண்டு போகும் அந்தக் கதைக்கு உயிரே, சொர்க்கத்தில் என்ன இருக்கிறது என்பது உள்ளே போகும்வரை தெரியாதிருப்பதில்தான் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் டெஜா தோரிஸை ஓராண்டுக்கு ஒருமுறையே திறக்கும் சிறையறையில், அவள்மேல் கத்தியை ஓங்கியவளோடு பூட்டிவிட்டு, வாசகரை மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை காக்கவைத்தார் பரோஸ். படமோ, சாப் தானுக்கு ஒரு நோக்கமும் பதக்கத்துக்கு ஓர் உரிமையாளனும் தேவைப்பட்டதால், தெர்ன்களை இந்த நூலிலிருந்து பிடுங்கி, உருமாறித் திரிந்து கிரகங்களை ஆட்டுவிக்கும் சூத்திரதாரிகளாக முதல் சில நிமிடங்களிலேயே மேடையேற்றிவிட்டது. அடுத்த படத்துக்குப் பணம் கிடைத்திருந்தாலும், அதில் வெளிப்படுத்துவதற்கு இருந்த பெரிய ரகசியத்தை முதல் படம் ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தது.